கடைப் பெயர் யார் கையில்?

சிறுதொழில் செய்பவருக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டுமா என்பது பழைய கேள்வி. முன்பு அதைக் கேட்டவருக்கும் இணையத்துக்கும் இடையே தூரம் இருந்தது. இன்று கேட்பவர் ஏற்கெனவே இணையத்துக்குள்தான் இருக்கிறார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுபவரும், மணப்பாறையில் முறுக்குச் சுற்றுபவரும், சின்னாளபட்டியில் சேலை விற்பவரும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார்கள், ஜிபேயில் பணம் வாங்குகிறார்கள், இன்ஸ்டாகிராமில் ரீல் போடுகிறார்கள். கூகுள் மேப்பில் கடை இருக்கும் இடத்தை அவர்களே குறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் யாரோ ஒரு வாடிக்கையாளர் குறித்திருப்பார். இவர்களிடம் போய் "நீங்கள் இணையத்துக்கு வர வேண்டும்" என்று உபதேசம் செய்வதில் பொருளில்லை. வந்தாயிற்று. வந்த இடத்தில் எது அவர்களுக்குச் சொந்தம் என்பதே இனிக் கேட்க வேண்டியது. வாடிக்கையாளரின் செல்பேசி எண்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் கேட்டலாக், இன்ஸ்டாவில் பின்தொடர்பவர்கள், மேப்பில் சேர்ந்த நட்சத்திரங்கள் எதையும் இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இணையதளத்தை அலங்காரமாகவோ விளம்பரமாகவோ பார்க்கிறவரை இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைப்பதில்லை. உரிமையின் பக்கத்திலிருந்து பார்த்தால், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதற்குக் காசு கொடுப்பது என்பவையெல்லாம் வரிசையாகப் பிடிபடுகின்றன. பெரும்பாலோர் பின்பற்றும் வரிசை இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது என்பதே இங்கே சொல்ல வருவது.

இந்தியச் சிறு வணிகர்களுக்கு இலவசத் தளம் தரும் முயற்சிகளின் வரலாற்றைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 2011 நவம்பரில் கூகுள் நிறுவனம் ஹோஸ்ட்கேட்டருடன் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. டாட் இன் பெயரும் தளமும் முதல் ஆண்டு இலவசம். அதன் பிறகு கட்டணம். லட்சக்கணக்கான சிறு நிறுவனங்களைக் கொண்டுவருவது இலக்கு. அடுத்து 2017 ஜனவரியில் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்தபோது இன்னும் எளிதான ஒன்றை அறிவித்தார்: கூகுள் மை பிசினஸ் கணக்கு இருந்தால் போதும், செல்பேசியிலேயே சில நிமிடங்களில் தளம் தயார், காசும் கிடையாது. அவ்வாண்டே அது நடைமுறைக்கு வந்தது. பலர் செய்துகொண்டார்கள், விசிட்டிங் கார்டிலும் அட்டைப்பெட்டியிலும் அந்த முகவரியை அச்சடித்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்கள் அனைத்தையும் நிறுத்தியது. ஜூன் 10 வரை அந்த முகவரிக்கு வந்தவர்கள் கடையின் மேப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகு பக்கம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்புதான். இதில் ஏமாற்று ஏதுமில்லை. முன்னறிவிப்புக் கொடுத்தார்கள், இலவசமாகக் கொடுத்ததை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த முகவரி கடைக்காரருடையதாக இருந்ததே இல்லை. கூகுளின் பெயரில் ஒரு கிளையாக இருந்தது. அதே ஆண்டுகளில் சொந்தப் பெயர் வாங்கி, அதை அந்த இலவசத் தளத்தின் மேல் பொருத்தியிருந்தவர் பாதிக்கப்பட்ட விதம் வேறு. அவர் புதிதாக ஒரு பக்கம் செய்து அதே பெயரை அங்கே திருப்பிவிட்டால் போதும். பெட்டியில் அச்சிட்ட முகவரி பொய்யாகாது.

மற்ற தளங்களின் கதையும் இதே போக்கில்தான் போகிறது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அதில் மட்டுமே வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்த சிறு விற்பனையாளர்களுக்கு மறுநாள் சொல்லிக்கொள்ள ஒரு முகவரி இல்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால் ஒன்று போனால் இன்னொன்று என்ற மாற்று அங்கே கிடையாது. நாமக்கல் உணவக உரிமையாளர்கள் 2025 ஜூலை 1 முதல் ஸ்விகி, சொமேட்டோ ஆர்டர்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் தரகுத் தொகை. இவை மூன்றும் ஒரே வகைச் சம்பவங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது அரசின் ஆணை, இரண்டாவது தொழில்நுட்பக் கோளாறு, மூன்றாவது வணிகப் பேரம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றாக இருப்பதே கவனிக்க வேண்டியது: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவர் ஒதுங்கினாலோ ஒதுக்கப்பட்டாலோ இருவருக்கும் ஒருவரையொருவர் தேட வழியில்லாமல் போகிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கேதானே கடை போட வேண்டும்? இன்ஸ்டாவில் ஒரு ரீல் ஒரே நாளில் பல்லாயிரம் பேரிடம் போகிறது. சொந்தத் தளத்துக்கு மாதத்தில் நூறு பேர் வந்தால் அதிகம். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கிற வேலையில் சொந்தத் தளம் சமூக ஊடகத்தோடு போட்டி போடவே முடியாது. அதற்காக அதை நடத்தவும் தேவையில்லை. ரீலைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதே இங்கே கேள்வி. நூறு ரூபாய்ப் பொருளானால் அங்கேயே மெசேஜ் போட்டு வாங்கிவிடுவார். கல்யாணத்துக்கு ஐந்நூறு தாம்பூலப் பை, தீபாவளிக்கு அலுவலகத்தில் இருநூறு பேருக்குப் பலகாரப் பெட்டி என்றால் கொஞ்சம் விசாரிப்பார். கடையின் பெயரைக் கூகுளில் போடுவார். அப்போது அகப்படுவது கடைக்காரர் சொல்வதாக இருக்குமா, தொகுப்புத் தளம் ஏதோ ஒன்று திரட்டி வைத்த பழைய போன் நம்பராக இருக்குமா என்பதில்தான் சொந்தப் பக்கத்தின் பயன் தெரியும். ஆகவே ரீலும் வாட்ஸ்அப்பும் இருக்கட்டும். ஆள் பிடிப்பது அவற்றின் வேலை. அவை மாறினாலும் மாறாத ஒரு முகவரியாக நிற்பது தளத்தின் வேலை. வாடகைக் கடையில் வியாபாரம் செய்வதில் குறையில்லை. பட்டா உள்ள இடம் ஒரு சென்டாவது சொந்தமாக இருந்தால் போதும்.

அந்த ஒரு சென்ட் எது என்றால் டொமைன் பெயர். வடிவமைப்பையோ, படங்களையோ, மென்பொருளையோ எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பெயரைத் தவறவிட்டால் மீட்பது கடினம். ஆனால் நம் ஊரில் நடைமுறை எப்படி? தெரிந்த டிசைனர் ஒருவரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசி "நீங்களே எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகிறோம். அவரும் தன் மின்னஞ்சலையும் தன் செல்பேசி எண்ணையும் கொடுத்துத் தன் கணக்கிலேயே பெயரைப் பதிந்துவிடுகிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, வசதிக்காக. மூன்று ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், எண்ணை மாற்றிவிட்டால், மனத்தாங்கலே வந்துவிட்டால், பதிவு நிறுவனத்தின் கண்ணில் அந்தப் பெயருக்கு உரியவர் அவர்தான். கடைக்காரர் கையில் பில் இருக்கலாம், கணக்குக்குள் நுழையும் வழி இருக்காது. டாட் காம், டாட் இன் பெயர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் செலவு. டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்சி என்னும் இந்திய அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற பல நிறுவனங்கள் பெயரைப் பதிந்து தருகின்றன. கடைக்காரர் தானே உட்கார்ந்து, தன் மின்னஞ்சலில், தன் செல்பேசிக்கு ஓடிபி வரும்படி பதிந்துவிட்டு, தளம் செய்பவருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுக்கலாம். அரை மணி நேர வேலை. தளத்துக்காகச் செலவிடும் நேரத்தில் இதைவிடப் பலன் தரும் அரை மணி நேரம் வேறில்லை.

பெயர் வாங்கியதும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. அது ஆண்டுக்கணக்கில் எடுத்த உரிமை. முதல் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் என்று காட்டி, இரண்டாம் ஆண்டில் பல மடங்கு கேட்கும் நிறுவனங்கள் உண்டு; புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கெடு தாண்டினால் டாட் காம் பெயருக்கு என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான வரிசை உண்டு. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் சலுகைக் காலம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது எடுக்கக் கூடுதல் கட்டணம். கடைசியாக 5 நாள் கழிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இப்படி விடுபட்ட பெயர்களுக்காகவே காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மிட்டாய்க் கடையின் முகவரியைத் தட்டியவர் சூதாட்டத் தளத்தில் போய் இறங்குவது இப்படித்தான். பெயர் தேர்வில் தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல். ழகரத்தையும் நெடிலையும் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். போனில் வாயால் சொன்னால் எதிர்முனையில் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளக்கூடிய பெயரே நல்ல பெயர். ஐயம் வந்தால் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பலாம். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் பதியக் கிடைக்கின்றன. மனதுக்கு இதமானதுதான். ஆனால் தமிழ் எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியை இன்னும் எத்தனையோ படிவங்கள் ஏற்க மறுக்கின்றன. எனவே அதைத் துணைப் பெயராக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்தது.

பெயருக்கு அடுத்தது உள்ளடக்கம். பெரும்பாலோர் தளத்தின் தோற்றத்தில் தொடங்குகிறார்கள்: சுழலும் படங்கள், "எங்களைப் பற்றி" என்று நான்கு பத்தி, நோக்கம், தொலைநோக்கு. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிக்கும் ஒரு குடும்பத்துக்குத் தொலைநோக்கு இருக்கலாம். அதைப் படிக்க யாரும் வருவதில்லை. வருகிறவர் கேட்பது வேறு. கிலோ என்ன விலை? எத்தனை நாள் தாங்கும்? வெல்லமா சர்க்கரையா? சென்னைக்கு அனுப்புவீர்களா, எந்தக் கூரியர்? உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? ஒரு வாரம் போனில் வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினால், தளத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும். அதே கேள்விக்கு நாளுக்குப் பலமுறை பதில் சொல்லும் நேரம் மிச்சமாவது தளத்தின் முதல் லாபம். விற்பனை கூடுவது அதற்குப் பிறகுதான். விலையைப் போட்டால் போட்டிக்காரர் பார்த்துவிடுவாரே என்று தயங்குபவர்கள் உண்டு. போட்டிக்காரருக்கு விலை ஏற்கெனவே தெரியும். வாடிக்கையாளர்போல ஒரு போன் போட்டால் போதும். தெரியாமல் திரும்பிப் போகிறவர் வாங்க வந்தவர்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அனுமதி பெற்ற பயனராகப் பதிவு செய்தவருக்கே அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை முழுமையாகச் சேரும். அந்தப் பதிவு தங்களுக்கு இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதுவது, ஊர்ப்பெயரை மட்டும் ஒட்டி எங்கோ செய்து விற்பவரிடமிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டும்.

எழுதுவது எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் நம்மவர்களின் வழக்கம் நோட்டீஸ் அடிப்பது. விலைப்பட்டியலை டிசைன் செய்து, வண்ணப் பின்னணியில் படமாக ஆக்கி, அந்தப் படத்தையே தளத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். தேடுபொறி நம்பிப் படிப்பது பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான்; கண் தெரியாதவர் பயன்படுத்தும் வாசிப்பானுக்கு அந்தப் படத்தில் ஒன்றுமில்லை; விலை மாறினால் டிசைனரைத்தான் கூப்பிட வேண்டும். யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் தட்டியதை அப்படியே ஏற்றுவதிலும் இதே சிக்கல். அச்சகத்தில் கொடுத்த கோப்பில் தமிழாகத் தெரிவது தளத்தில் குப்பையாகத் தெரியும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. அச்சகங்கள் பல இன்னும் ஏற்கவில்லை. தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்றால், இரண்டிலும் என்பதே விடை, ஆனால் ஒன்றின் மொழிபெயர்ப்பாக மற்றொன்று இருக்க வேண்டியதில்லை. 2017இல் கூகுள் குரல் தேடலில் தமிழ் சேர்க்கப்பட்ட பிறகு, தட்டத் தெரியாதவரும் பேசித் தேடுகிறார். அவர் பேசும் சொற்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிமாநில மொத்த வியாபாரிக்கு வேண்டிய விவரம் வேறு. அதை ஆங்கிலத்தில் சுருக்கமாக வைக்கலாம்.

தளத்தை எதில் செய்வது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள். என் கணிப்பில் அது குறைவாகப் பேச வேண்டிய விஷயம். மாதக் கட்டணம் வாங்கும் ஆயத்தத் தளங்களில் செய்தால் பராமரிப்புத் தொல்லை இல்லை, ஆனால் கட்டணம் நின்றால் பக்கம் நின்றுவிடும். வேர்ட்பிரஸ் இலவசம், உலகின் தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன; அதனாலேயே அதைக் குறிவைத்து உடைப்பவர்களும் அதிகம். துணைச் செருகிகளைப் புதுப்பிக்காமல் ஓராண்டு விட்ட வேர்ட்பிரஸ் தளத்துக்குள் வேறு யாரோ வந்து குடியிருப்பது சர்வ சாதாரணம். நாலைந்து பக்கம் மட்டும் உள்ள, அடிக்கடி மாறாத கடைத் தளத்துக்கு வெறும் நிலையான பக்கங்களே போதும். உடைக்க அதில் ஒன்றுமில்லை, செலவும் மிகக் குறைவு. எதில் செய்தாலும் விலைக்குறைவான ஆண்ட்ராய்டு செல்பேசியில், சிக்னல் சரியாக இல்லாத இடத்தில், சட்டென்று திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளத்துக்கான எஸ்எஸ்எல் எனும் பூட்டுச் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்பவரிடம் ஏன் என்று கேட்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற ஏற்பாடு அதை இலவசமாகவே தருகிறது. 2018 ஜூலைக்குப் பிறகு அந்தச் சான்றிதழ் இல்லாத தளத்தைக் குரோம் உலாவி பாதுகாப்பற்றது என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்டுகிறது.

ஆன்லைனில் பணம் வாங்கி விற்பதை இந்த வரிசையில் கடைசியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. "இணையதளம்" என்றதும் நம் மனதில் வருவது அமேசான்; கூடை, கட்டணம், டெலிவரி எல்லாம் முதல் நாளே வேண்டும் என்று தோன்றும். அதில் இறங்கிய மறுகணமே தொழிலின் இயல்பே மாறிவிடுகிறது. இருப்புக் கணக்கைத் தளத்தில் அன்றாடம் சரி செய்ய வேண்டும். பேமெண்ட் கேட்வே பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவில் எடுத்துக்கொள்ளும், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி தனி. உடைந்த சரக்குக்குப் பணம் திருப்ப வேண்டும். சட்டமும் கூடவே வருகிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தன் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும்; குறைதீர் அலுவலரைச் சொல்ல வேண்டும்; புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொட்டலப் பொருளானால் எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பவர் முகவரி ஆகியவை தளத்திலும் இருக்க வேண்டும். உணவுப் பொருளானால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண். ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை: பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்றாலும், வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினால் சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக அந்த வரம்பு பொருந்தாது. பெங்களூருக்கு முதல் பார்சல் போவதற்குமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இந்தச் சுமையெல்லாம் வேண்டாம் என்பதல்ல. மாதத்துக்குப் பத்து வெளியூர் ஆர்டர் வருகிறவர், தளத்தில் வாட்ஸ்அப் பொத்தானும் யுபிஐ வசதியும் வைத்துக் கையாலேயே சமாளிக்கலாம். கையால் சமாளிக்க முடியாத அளவுக்கு ஆர்டர் வரும்போது கூடை வைக்கலாம். அப்போது செலவுக்கு ஈடான வருமானமும் கண்ணுக்குத் தெரியும்.

நம்பிக்கை என்ற விஷயத்துக்குச் சிவகாசியைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மின்வணிகத் தளங்கள் மூலம் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் பட்டாசுக் கடைகள் பெயரில் தளங்கள் முளைக்கின்றன. பாதி விலை, பெரிய படங்கள், பணம் கட்டியதும் மறைந்துபோகும் எண். தமிழகக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு இதுபற்றி எச்சரிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. ஏமாந்தவர்கள் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணைக் கூப்பிடுகிறார்கள். இதில் சிறு வணிகருக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. எல்லாத் தொழிலுக்கும் இணைய விற்பனை பொருந்தாது என்பது ஒன்று. தன் சரக்குக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றது, வாங்குபவர் இப்போது எந்தத் தளத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். வழுவழுப்பான வடிவமைப்பு நம்பிக்கை தருவதில்லை. மோசடித் தளமும் அதே வார்ப்புருவை வாங்கித்தான் செய்கிறது. கடை இருக்கும் தெரு, பட்டறையில் எடுத்த சுமாரான புகைப்படம், ஜிஎஸ்டி எண், எடுத்தால் பேசுகிற ஒரு லேண்ட்லைன், பல ஆண்டுகளாக மாறாத அதே டொமைன் பெயர் இவைதான் நம்ப வைக்கின்றன. இவை அனைத்தையும் சேர்த்து மோசடிக்காரரால் மலிவாகப் பெற முடியாது, கடைசியாகச் சொன்னதைப் பெறுவது இன்னும் கடினம்.

தளம் செய்தும் யாரும் வரவில்லை என்பது அடுத்த புகார். பெரும்பாலும் நியாயமான புகார்தான், ஆனால் பழி தளத்தின் மேல் மட்டும் இல்லை. முகவரியைப் பில்லில், பெட்டியில், கடைப் பலகையில், கூகுள் வணிகப் பக்கத்தில், இன்ஸ்டா முகப்பில் போடாமல் இருந்தால் யார் வருவார்கள்? இந்த இடத்தில்தான் "கூகுளில் முதலிடம் பிடித்துத் தருகிறோம்" என்று மாதக் கட்டணம் கேட்பவர்கள் உள்ளே நுழைகிறார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. மக்கள் என்ன சொல்லைத் தட்டி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவி இலவசம். மாதம் ஒருமுறை அதைப் பார்த்து, கேட்கப்பட்டதும் பக்கத்தில் இல்லாததுமான விஷயத்தைச் சேர்த்தாலே அந்தக் கட்டணத்துக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். சில தொழில்களுக்கு இதுவும் வேண்டாம். பேருந்து நிலைய வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கோ, ஒரே தெருவுக்கு இஸ்திரி போடுபவருக்கோ மேப்பில் ஒரு புள்ளியும் ஒரு செல்பேசி எண்ணும் தாராளம். அவர்களிடம் தளம் விற்கப் போகிறவரைச் சந்தேகிப்பதே சரி. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறையின் நிலை வேறு. வாடிக்கையாளர் பத்துப் பேர்தான் என்றாலும், புதிதாக வரும் பதினோராவது ஆள் எந்திரம் எத்தனை, என்ன வகை, மாதம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார். ஆகவே வாடிக்கையாளர் எண்ணிக்கையைவிட, வாங்குமுன் அவர் எவ்வளவு விசாரிக்கிறார் என்பதே தேவையை அளக்கும் கோல்.

கடைசியாக ஒரு மறுப்பு, இப்போது புதிதாகக் கேட்கத் தொடங்கியிருப்பது. இனி யாரும் தளத்துக்குள் போகப்போவதில்லை. சாட்ஜிபிடியையோ கூகுளின் செயற்கை நுண்ணறிவையோ கேட்டால் அதுவே பதில் சொல்லிவிடும், பிறகு தளம் எதற்கு? வருகை குறையும் என்பது உண்மையாக இருக்கலாம். செய்தித் தளங்கள் இதைப் பற்றி ஏற்கெனவே முறையிடுகின்றன. ஆனால் செய்தித் தளத்துக்கு வருகையே வருமானம், மிட்டாய்க் கடைக்கு மிட்டாய்தான் வருமானம். பதில் சரியாக இருந்து ஆர்டர் வந்துவிட்டால், பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று கடைக்காரர் வருந்த வேண்டியதில்லை. அந்தப் பதிலை அந்த எந்திரம் எங்கிருந்து எடுக்கிறது என்பதே பிரச்சினை. கடைக்காரர் எழுதி வைத்த பக்கம் இருந்தால் அதிலிருந்து எடுக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் நான்கு ஆண்டுக்கு முந்தைய ஒரு விமர்சனத்திலிருந்தோ, பெயர் ஒத்த வேறொரு கடையிலிருந்தோ எடுத்துக்கொண்டு, தயக்கமே இல்லாமல் பழைய விலையைச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும் என்று அது சொன்னதை நம்பி வண்டி எடுத்து வருபவர், பூட்டிய கடைக்கு முன்னால் நின்றுகொண்டு செயற்கை நுண்ணறிவைத் திட்டமாட்டார்.